தமிழ்நாட்டில் வானியல் படிப்புத் தேர்வு: ஒரு வரலாறு

தமிழ்நாட்டில் வானியல் படிப்பு என்பது, வானியலைத் தொழிலாகக் கொள்ள விரும்பிய மாணவர்கள் வெவ்வேறு காலங்களில் எந்தப் பாடத்தை, எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதன் வரலாறாகும். இந்தியாவின் முதல் நவீன வானாய்வகங்களுள் ஒன்று சென்னையில் 1792-ல் எழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் வந்தது. இரண்டும் ஒரே நகரில் 40 ஆண்டுகளுக்கு மேல் அருகருகே இருந்தும், வானியலுக்கென்று ஒரு பட்டப்படிப்பு அந்தக் கூட்டில் பிறக்கவில்லை. இங்கிருந்து வானியலுக்குச் சென்றவர்கள் ஏறக்குறைய அனைவரும் பக்கத்து வாசல் வழியாகவே சென்றனர். அந்த வாசல் சிலருக்கு அலுவலக வேலையாகவும், சிலருக்குக் கணிதமாகவும், பெரும்பாலோருக்கு இயற்பியலாகவும் இருந்தது. பொறியியலும் ஒரு வாசலாகியிருப்பது பிற்கால மாற்றம்.

பல்கலைக்கழகத்துக்கு முன்

ஐரோப்பிய முறை வானியல் வருவதற்கு முன்பே தமிழகத்தில் வானியல் கணிப்பு ஒரு கற்கப்பட்ட தொழிலாக இருந்தது. பஞ்சாங்கக் கணிதர்கள் அதைக் குடும்ப வழியிலும் குரு வழியிலும் கற்றனர். ஜான் வாரன் சென்னையில் 1825-ல் வெளியிட்ட "கால சங்கலித" என்னும் நூல் இதற்குச் சான்று. புதுச்சேரியைச் சேர்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் வாரனுக்கு ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தாளும் எழுதுகோலும் இல்லாமல், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த அட்டவணைகளைக் கொண்டு அவர் கணித்தார். 1825 மே 31 இரவின் கிரகணத்துக்கு அவர் சொன்ன தொடக்க நேரம் சுமார் 4 நிமிடம் மட்டுமே பிசகியது. நடுவும் முடிவும் அதிகம் பிசகின. முடிவு நேரத்தில் பிழை 50 நிமிடத்தைத் தாண்டியது. அறிவியல் வரலாற்றாளர் ஓட்டோ நாய்கெபவர் 1952-ல் இதை ஆராய்ந்து, இம்முறையில் பாபிலோனிய வானியலின் எச்சங்கள் உயிரோடு இருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

இந்த மரபில் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. பிறந்த குடும்பம் அதை முடிவு செய்தது. அதன் பலமும் குறையும் அதுதான்.

வானாய்வகமும் அளவைப் பள்ளியும்

கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் வில்லியம் பெட்ரி எழும்பூரில் தம் வீட்டில் அமைத்திருந்த கருவிகளே சென்னை வானாய்வகத்தின் தொடக்கம். கம்பெனி அதை ஏற்று, நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டடம் எழுப்பியது. கட்டடத்தைத் திட்டமிட்டவர் மைக்கேல் டாப்பிங். கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு உண்டு. கப்பல்களுக்கு நேரமும் நில வரைபடங்களுக்கு நெடுங்கோடும் தருவதே கம்பெனியின் நோக்கம். விண்மீன் ஆய்வு அதன் பின்னால்தான் வந்தது.

நில அளவைக்கு ஆள் தேவைப்பட்டதால் டாப்பிங் 1794-ல் ஓர் அளவைப் பள்ளியைத் தொடங்கினார். எட்டு மாணவர்கள் சேர்ந்தனர். கோணம் அளக்கவும், சூரியனையும் விண்மீன்களையும் பார்த்து இடம் கணிக்கவும், வரைபடம் வரையவும் அவர்கள் பழகினர். தென்னிந்தியாவில் ஐரோப்பிய முறையில் வானியல் கற்பித்த முதல் பள்ளி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதையே சொல்லலாம். ஆனால் அப்பள்ளி வானியல் கல்லூரியாக வளரவில்லை. 1858-ல் கட்டடப் பொறியியல் பள்ளியாகி, மறு ஆண்டு பொறியியல் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. இன்று கிண்டியில் இருப்பது அதுவே. 1978-ல் அமைந்த அண்ணா பல்கலைக்கழகத்தின் மிகப் பழைய உறுப்பும் அதுவே. வானாய்வகத்தின் பிள்ளை பொறியியலுக்குப் போய்விட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

வானாய்வகம் தன் போக்கில் வேலை செய்தது. டி. ஜி. டெய்லர் 11,015 விண்மீன்களின் இருப்பிடங்களை அளந்து 1844-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். நார்மன் போக்சன் 1861-ல் பொறுப்பேற்று, அதே ஆண்டில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு "ஆசியா" என்று பெயரிட்டார். இத்தனை வேலைக்கும் கணக்கிடுவோர் தேவைப்பட்டனர். அவர்கள் பட்டதாரிகளாக இருக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

சிந்தாமணி ரகுநாதாச்சாரி

அப்படி உள்ளே வந்து வானியலாளராக உயர்ந்தவர்களில் முதன்மையானவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. வானாய்வகத்தின் முதல் உதவியாளர் பதவிவரை அவர் சென்றார். பல்கலைக்கழகப் பட்டம் அவரை அங்கே கொண்டுவரவில்லை. வேலையே அவருக்குப் படிப்பாயிற்று. 1867-ல் ரெட்டிகுலம் விண்மீன் குழுவில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றை அவர் கண்டறிந்தார். நவீன கால இந்தியர் ஒருவர் செய்த முதல் வானியல் கண்டுபிடிப்புகளில் ஒன்றாக இது கருதப்படுகிறது. 1868 ஆகஸ்ட் 18-ன் முழுச் சூரிய கிரகணத்தின்போது வனபர்த்திக்குச் சென்ற குழுவை அவர் நடத்தினார். 1872-ல் லண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

1874-ல் வெள்ளி கோள் சூரியனைக் கடக்கவிருந்தபோது, அதைப் பொதுமக்களுக்கு விளக்கும் நூலொன்றை அவர் எழுதினார். அது இந்திய மொழிகளிலும் வெளிவந்தது. பழைய முறையில் பஞ்சாங்கம் கணித்தவர்களுக்கும் புதிய அளவீட்டுக்கும் இடையே பாலம் போடுவது அவருடைய நோக்கம். தொலைநோக்கியில் காணும் நிலையோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை அவர் தயாரித்ததும் அதற்காகவே. 1880-ல் அவர் மறைந்தார். அவர் கற்றதை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கும் வகுப்பறை ஒன்று இருக்கவில்லை. இந்த வரலாற்றில் மிகப் பெரிய இழப்பு இதுவே எனலாம். ஓர் அலுவலகம் தன் ஊழியரைப் பயிற்றுவிக்க முடியும். அந்த ஊழியர் ஓய்வு பெற்றால் பயிற்சியும் அவரோடு போய்விடும்.

போக்சனின் மகள் இசிசு போக்சன் 1873 முதல் 25 ஆண்டுகள் அதே வானாய்வகத்தில் கணக்கிடுபவராக வேலை செய்தார். 1886-ல் அவர் பெயர் அரச வானியல் கழக உறுப்பினர் பதவிக்கு முன்மொழியப்பட்டது. கழகத்தின் சாசனம் பெண்களுக்கு இடம் தரவில்லை என்று காரணம் காட்டி மறுக்கப்பட்டது. 1920-ல்தான் அவர் உறுப்பினரானார். அப்போது அவர் சென்னையை விட்டுப் போய் நெடுநாளாகியிருந்தது.

கணிதத் தாளாக வானியல்

1899-ல் வானியல் பணி சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு மாறியது. சூரிய ஆய்வுக்கு மலை ஏற்றது. மாற்றத்தை நடத்திய மிச்சி ஸ்மித் அதற்கு முன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். ஜான் எவர்செட் 1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்கே கண்டறிந்தார். அறிவியலுக்கு இது நல்ல காலம். சென்னை மாணவனுக்கோ வானாய்வகம் இன்னும் தொலைவுக்குப் போயிற்று.

பல்கலைக்கழகத்தில் வானியல் வேறு உருவில் இருந்தது. கணிதப் பட்டப்படிப்பில் அது ஒரு தாள். வான்கோளம், கோளக் கோணவியல், கெப்ளர் விதிகள், கிரகணம், வளிமண்டல ஒளிவிலகல் ஆகியவை அதன் பாடங்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கணிதம் படித்த பலர் குமாரவேலு, சுசீலா குமாரவேலு ஆகியோரின் வானியல் பாடநூலை நினைவில் வைத்திருப்பார்கள். விண்மீனின் இருப்பிடத்தைக் கணிக்க இந்தத் தாள் கற்றுக்கொடுத்தது. விண்மீன் ஏன் ஒளிர்கிறது என்பதற்கு அதில் அதிக இடமில்லை. தொலைநோக்கியைத் தொடாமலேயே முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனாலும் கணிதப் பயிற்சியாக அது தரமானது. அதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

சந்திரசேகரின் தேர்வு

தமிழ்நாட்டில் வானியல் படிப்புத் தேர்வு பற்றி மிக விரிவாகத் தெரியவரும் நிகழ்வு சுப்பிரமணியன் சந்திரசேகருடையது. 1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்த அவர், குடும்பம் 1918-ல் சென்னைக்குத் திரும்பியதும் இங்கேயே வளர்ந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, 1925-ல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார்.

ஆனர்ஸ் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தபோது வீட்டில் கருத்து வேறுபாடு எழுந்தது. மகன் கணிதம் படிக்க விரும்பினார். இராமானுசன் மறைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தப் பெயர் சென்னை மாணவர்களிடம் பெரும் தாக்கம் செலுத்திய காலம் அது. ரயில்வே கணக்குத் துறையில் உயர் அலுவலராக இருந்த தந்தை சி. சுப்பிரமணிய ஐயருக்கோ மகன் ஐ.சி.எஸ். தேர்வெழுத வேண்டும் என்று ஆசை. இயற்பியல் அதற்கு உதவும் என்பது அவர் கணக்கு. தம்பி சி. வி. ராமனின் எடுத்துக்காட்டும் கண்முன் இருந்தது. தாய் சீதாலட்சுமி மகன் பக்கம் நின்றார். இப்சனின் "பொம்மை வீடு" நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர் அவர். இறுதியில் சந்திரசேகர் இயற்பியல் ஆனர்ஸ் வகுப்பில் பெயரைப் பதிந்துகொண்டார். கணித விரிவுரைகளுக்கும் போய் உட்கார்ந்தார். பெயர் ஒரு துறையில், ஆர்வம் இன்னொரு துறையில் என்ற இந்த ஏற்பாட்டைக் கல்லூரி தடுக்கவில்லை. அது பெரிய உதவி.

1928 கோடையில் அவர் கல்கத்தாவில் ராமனின் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். சோதனை வேலை தமக்கு ஒத்துவராது என்பது அங்கே தெளிவாயிற்று. அதே ஆண்டின் பிற்பகுதியில் செருமானிய இயற்பியலாளர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். 18 வயது மாணவர் விடுதிக்கே போய் அவரைச் சந்தித்தார். சோமர்ஃபெல்டின் அணு அமைப்பு நூலை அவர் முழுமையாகப் படித்திருந்தார். அந்த நூல் சொன்ன இயற்பியல் பழையதாகிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று நூலாசிரியரே சொன்னார். புதிய புள்ளியியலைப் பற்றிய தம் கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். சில மாதங்களில் சந்திரசேகர் அந்தப் புள்ளியியலைப் பயன்படுத்தி ஒரு கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலருக்கு அனுப்பினார். அது 1929-ல் அரச கழக இதழில் வெளிவந்தது.

ஃபௌலருக்கு அனுப்பியதற்குக் காரணம் உண்டு. வெண்குறுமீன்களின் அடர்ந்த பொருளைப் புதிய புள்ளியியல் கொண்டு விளக்கி ஃபௌலர் 1926-ல் எழுதியிருந்தார். ஒரு கட்டுரைப் போட்டியில் பரிசாக எடிங்டனின் விண்மீன் அகக்கட்டமைப்பு நூலைக் கேட்டு வாங்கிப் படித்திருந்த சந்திரசேகருக்கு இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தன. கவனிக்க வேண்டிய செய்தி, அவர் வானியல் துறை எங்கே இருக்கிறது என்று தேடிப் போகவில்லை. தம் கேள்வியை யார் ஆராய்கிறார் என்று பார்த்தார்.

1930-ல் இந்திய அரசு அவருக்கு இங்கிலாந்தில் ஆய்வு செய்ய உதவித்தொகை அளித்தது. செய்தியைச் சொன்னவர் கல்லூரி முதல்வர் பி. எஃப். பைசன். நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைப் பற்றி நூல் எழுதிய தாவரவியலாளர் அவர். ஆனால் அப்போது தாய் நோயுற்றிருந்தார். திரும்பி வரும்போது அவரைக் காண முடியாமல் போகலாம் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உறவினர்கள் சிலர் போக வேண்டாம் என்றனர். போகச் சொன்னவர் தாயே. 1930 சூலை 31 அன்று அவர் பம்பாயில் கப்பலேறினார். 1931 மே மாதம் சீதாலட்சுமி மறைந்தார். மகன் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார்.

கப்பல் பயணத்தில் அவர் செய்த கணக்கு புகழ்பெற்றது. ஃபௌலரின் கோட்பாட்டில் சார்பியலைச் சேர்த்தபோது, ஒரு வெண்குறுமீனின் நிறைக்கு மேல் எல்லை இருப்பது தெரிந்தது. இன்று அந்த எல்லை சூரிய நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று கொள்ளப்படுகிறது. அந்தக் கணக்குக்கு வேண்டிய சார்பியலும் குவாண்டம் புள்ளியியலும் சென்னையில், பெரும்பாலும் தாமாகவே நூல்களைப் படித்துக் கற்றவை.

கேம்பிரிட்ஜ் எதிர்பார்த்தபடி அமையவில்லை. ஃபௌலரைப் பார்ப்பதே அரிதாயிருந்தது. தனிமை வாட்டியது. தாம் தேர்ந்த துறை சரிதானா என்ற ஐயம் வந்தது. டிராக்கின் யோசனைப்படி கடைசி ஆண்டைக் கோப்பன்கேகனில் போரின் நிறுவனத்தில் கழித்தார். தூய கோட்பாட்டு இயற்பியலுக்கு மாறிவிடலாமா என்றும் எண்ணிப் பார்த்தார். கடைசியில் விண்மீன்களிடமே திரும்பி, 1933-ல் முனைவர் பட்டம் பெற்றார். 1935 சனவரி 11 அன்று அரச வானியல் கழகக் கூட்டத்தில் எடிங்டன் அவருடைய முடிவை எள்ளி மறுத்தது பலரும் அறிந்த செய்தி. 1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்கீசு வானாய்வகத்தில் சேர்ந்தார். 1983-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசு இயற்பியலுக்கானது.

1962 சனவரி 3 அன்று சென்னையில் அல்லாடி ராமகிருஷ்ணன் நிறுவிய கணிதவியல் நிறுவனத்தைத் தொடங்கி வைத்தவர் சந்திரசேகர். விழா நடந்த இடம் அவர் படித்த மாநிலக் கல்லூரியே. இன்று தரமணியில் இயங்கும் அந்நிறுவனத்தில் கோட்பாட்டு இயற்பியல் ஆய்வுப் படிப்பு உள்ளது.

வைணு பாப்புவும் காவலூரும்

வைணு பாப்புவின் பாதை வேறு. 1927-ல் சென்னையில் பிறந்த அவருக்கு வானாய்வகம் வீட்டோடு வந்தது. தந்தை ஐதராபாத்தின் நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றினார். அந்த வானாய்வகம் 1919-ல் உசுமானியா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்கே 1959-ல் வானியல் துறை பிறந்தது. சென்னையில் நடக்காதது ஐதராபாத்தில் நடந்தது என்றால், வானாய்வகம் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்ததே அதற்கு முதன்மைக் காரணம்.

பாப்பு இயற்பியல் படித்து, ஐதராபாத் அரசின் உதவித்தொகையில் ஆர்வர்டு சென்றார். 1949-ல், மாணவராக இருக்கும்போதே, ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். அது பாப்பு–போக்–நியூகிர்க் எனப் பெயர் பெற்றது. 1952-ல் முனைவர் பட்டம் பெற்று இந்தியா திரும்பினார். 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். இரவு வானை ஆய்வதற்கு ஏற்ற இடம் தேடி, சவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தார். 1968-ல் அங்கே 38 செ.மீ. தொலைநோக்கி வேலையைத் தொடங்கியது. 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1971-ல் இந்திய வான்இயற்பியல் நிறுவனம் தன்னாட்சி அமைப்பாயிற்று. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பார்க்கும்முன், 1982-ல் பாப்பு மறைந்தார். 1986 சனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கு அவர் பெயரைச் சூட்டினார். 1988-ல் காவலூரில் கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றுக்கு இராமானுசன் பெயர் இடப்பட்டது.

பாப்புவின் தலைமுறைக்குப் பிறகு, வானியலாளராக வெளிநாடு போவது ஒன்றே வழி என்ற நிலை மாறியது. 1982-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கூட்டு வானியல் திட்டம் தொடங்கியது. 1988-ல் புனேயில் ஜெயந்த் நார்லிகர் தலைமையில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வானியல், வான்இயற்பியல் மையம் வந்தது. பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குத் தொலைநோக்கியும் தரவும் கிடைக்கச் செய்வது அதன் நோக்கம். 2007-ல் திருவனந்தபுரத்தில் விண்வெளி அறிவியல், தொழில்நுட்பக் கழகம் உருவானது. ஐசர் நிறுவனங்களும் இதே பத்தாண்டில் எழுந்தன.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியும் பொறியியல் வாசலும்

1990-களின் பிற்பகுதியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் தொழிற்சாலைப் பகுதியாயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியா ஆலை 2006-ல் வந்து 2014-ல் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010-லும், அதைத் தொடர்ந்து டைம்லர், ராயல் என்ஃபீல்டு ஆலைகளும் வந்தன. ஆலைகளைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளும் பெருகின. அவற்றில் பல அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. வேறு சொற்களில், டாப்பிங்கின் அளவைப் பள்ளியின் தொலைதூர வழித்தோன்றல்கள்.

இந்த வட்டாரத்தில் பிளஸ் டூ முடித்த மாணவருக்கு 1920-களின் மாநிலக் கல்லூரி மாணவரின் சிக்கல் சற்றே மாறிய வடிவில் நிற்கிறது. ஐ.சி.எஸ். இருந்த இடத்தில் இயந்திரவியல் அல்லது மின்னணுவியல் பட்டமும் வளாக நேர்காணலும் உள்ளன. கண்ணெதிரே ஆலை இருக்கும்போது, வானியல் படிக்கிறேன் என்று சொல்லும் பிள்ளையிடம் வேலை எங்கே என்று கேட்கும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. இளநிலையிலேயே வானியல் என்ற பெயரைத் தேடுவதில் பயன் குறைவு. இந்தியாவில் அப்படிப்பட்ட பட்டம் அரிது. ஆய்வு நிறுவனங்கள் கேட்பதும் அதையல்ல. இயற்பியல் முதுகலையும், ஜெஸ்ட் போன்ற நுழைவுத் தேர்வும் கோட்பாட்டு, நோக்கீட்டு வானியலுக்கு வழக்கமான வழி. ஊரில் உள்ள கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்து, ஜாம் தேர்வெழுதி ஐ.ஐ.டி.களுக்குப் போகலாம். ஐசரில் நேரடியாகவும் சேரலாம். கணிதம் பலமாக இருந்தால் போதிய அடித்தளம் உண்டு.

பொறியியல் சேர்ந்துவிட்டவருக்கும் கதவு அடைபடுவதில்லை. இந்திய வான்இயற்பியல் நிறுவனம் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, வானியல் கருவியியலில் எம்.டெக்.கையும் முனைவர் பட்டத்தையும் இணைத்து ஒரு படிப்பை நடத்திவந்துள்ளது. மின்னணுவியல், இயந்திரவியல், கணினிப் பட்டதாரிகளுக்கானது அது. தொலைநோக்கியின் ஆடியை மெருகேற்றுவதும், அதைத் தாங்கும் எஃகுச் சட்டத்தை இம்மியும் அசையாமல் திருப்புவதும், உணரிகளைக் குளிர்விப்பதும் பொறியாளர் வேலை. மகாராட்டிராவின் ஈங்கோலியில் அமைக்க 2023-ல் ஒப்புதல் பெற்ற ஈர்ப்பலை ஆய்வகத்துக்கு வெற்றிடக் குழாய்களும் லேசர்களும் வேண்டும். அவற்றையும் இயற்பியலாளர் மட்டும் தனியே செய்துவிட முடியாது. டாப்பிங்கின் பள்ளியில் பிரிந்த இரு தொழில்கள் இங்கே மறுபடி சந்திக்கின்றன.

ஒரகடத்தின் இரவு வானம் வெளிச்சம் மிகுந்தது. ஆலைகளும் கிடங்குகளும் விடிய விடிய விளக்கெரிக்கும் இடத்தில் மங்கலான விண்மீன்களைத் தேடுவது வீண். ஆனால் ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையே வேலூர், ஆம்பூர் கடந்து வாணியம்பாடிக்கும் போகிறது. அங்கிருந்து ஆலங்காயம் வழியாகப் பிரியும் மலைச் சாலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. பார்வையாளர்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பது அங்கே வழக்கம்.